சுபத்ராவின் காசுப்பிடி

ஆரணி பஜாரில் மாணிக்கவேலின் பாத்திரக்கடைக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பது ஒரு சத்தம்தான். சீசாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு 'கிர்ர்ர்'. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு குடத்தையோ தாம்பாளத்தையோ கவிழ்த்து வைத்துக்கொண்டு சுபத்ரா பெயர் வெட்டிக்கொண்டிருப்பாள். 'மணமக்களுக்கு அன்பளிப்பு' என்று ஆரம்பித்து, மாமன் பெயர், அத்தை பெயர், ஊர், தேதி என்று போய் நிற்கும். எழுதி முடித்ததும் முந்தானையால் ஒரு துடை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

அவள் அந்தக் கடைக்கு வந்தது பெயர் வெட்ட அல்ல, பாத்திரம் எடுத்துக் காட்டும் வேலைக்கு. அப்பா அம்மா இருவரும் கூலிக்குக் கழனி வேலை பார்த்தவர்கள். பிளஸ் டூ முடித்தவளுக்கு மேலே படிக்க வழியில்லாமல் போயிற்று. எழுத்து மட்டும் அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுவது, ஆண்டு விழாவுக்குத் தட்டி எழுதுவது எல்லாம் அவள்தான். கடையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்வாணன் செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்துப் போனபோது, மாணிக்கவேல் புது ஆள் தேடி அலைந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாண வீட்டார் வந்து அவசரப்படுத்தினார்கள். சுபத்ரா பெயர் வெட்டும் மெஷினை எடுத்து, நசுங்கிப் போன ஒரு மூடியில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். மாணிக்கவேல் அந்த மூடியை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்தக் கையை வச்சிகினு இத்தினி நாளா டம்ளர் எடுத்துக் காட்டிகினு இருந்தியாம்மா?"

அன்றிலிருந்து முக்காலி அவளுடையது. கல்யாணம் ஆகி, மகள் மதிவதனி பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவள் எழுதாத பாத்திரம் இல்லை. எவர்சில்வர், பித்தளை, செம்பு, குத்துவிளக்கின் அடிப்பாகம், கோயில் உண்டியல், ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பிரியாணி அண்டா.

காசில் மட்டும் எழுதியதில்லை.

போன மாசி மாதம் பட்டு வியாபாரி வேணுகோபால் கடைக்கு வந்தார். முள்ளிப்பட்டில் அவருக்காக நெய்கிற குடும்பங்கள் நிறைய. சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து சுபத்ராவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வைகாசியில எங்களுக்கு அறுபதாம் கல்யாணம்மா. நம்மகிட்ட நெய்யுறவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு, அவங்கவங்க பேரு போட்டுத் தரணும்னு ஆசை. கவர்ல வச்சுக் குடுத்தா அன்னிக்கே செலவாயிடும். பேரு இருந்தா வீட்ல தங்கும். உன்னால முடியுமா?"

"செஞ்சுடலாங்கண்ணா" என்றாள் சுபத்ரா. சொல்லி முடித்த பிறகுதான் காசை நன்றாகப் பார்த்தாள். ஒரு பக்கம் தாமரையில் உட்கார்ந்த லட்சுமி. கையிலிருந்து காசு கொட்டுகிறது. மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. மொத்தமே ஒரு பெரிய பட்டன் அளவு.

வேணுகோபால் போனதும் மறுபக்கத்தில் மெஷினை வைத்துப் பார்த்தாள். குடத்துக்கு எடை உண்டு. மடியில் வைத்தால் சொன்னபடி கேட்டு உட்காரும். இந்தக் காசோ மெஷின் ஊசி பட்டதும் ஆட ஆரம்பித்துவிட்டது. விரலால் அழுத்தினாள். சுற்றியது. இன்னும் அழுத்தினாள். துள்ளிப் போய் குக்கர் பெட்டிகளுக்கு அடியில் விழுந்தது. இரண்டாவது தடவை ஊசி காசை விட்டுவிட்டு அவளுடைய கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டது.

"இன்னாம்மா, உன் பேரையே விரல்ல எழுதிக்கிறியா?" என்று கல்லாவிலிருந்து மாணிக்கவேல் கேட்டார்.

"பேஜாருங்க இது" என்றாள் விரலைச் சப்பியபடி. ஆனால் முடியாது என்று போய்ச் சொல்ல மனம் வரவில்லை. செய்துவிடலாம் என்று சொன்ன வாய் அது.

அன்று சாயங்காலம் வீட்டில் வேலை ஆரம்பித்தது. பழகிப் பார்க்க ஏதாவது காசு வேண்டும். அவள் கணவன் அன்பரசு செய்யாரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். எதிலும் ஒழுங்கு பார்ப்பவன்.

"ஓடற காசு மேல மட்டும் கை வைக்காதே. சட்டப்படி தப்பு" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து தட்டினான். அத்தனையும் செல்லாமல் போன நாலணா, ஏறக்குறைய அந்த வெள்ளிக் காசின் அளவுதான்.

முதலில் ஒரு பலகையில் காசைச் சுற்றி ஆணி அடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. மெஷின் அதிர அதிர ஆணிகள் தளர்ந்து, காசு நழுவி, எழுத்துக்கு வால் முளைத்தது. அடுத்து அரக்கு. நகை செய்கிறவர்கள் அரக்கை உருக்கி அதில் நகையைப் பதித்துத்தான் வேலை செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கட்டி வாங்கி வந்து, அடுப்பில் வைத்து உருக்கினாள். காசு அசையாமல் நின்றது என்னவோ உண்மை. ஆனால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சூடு காட்டிப் பிரித்தால் அரக்கு பள்ளங்களில் எல்லாம் புகுந்துகொண்டிருந்தது. ஒரு காசுக்கே இந்தப் பாடு என்றால் அத்தனை குடும்பத்துக்கும் எப்போது முடிப்பது?

இதில் இன்னொரு விஷயம். அரக்கை உருக்க அவசரத்தில் அவள் எடுத்தது தாளிப்புக் கரண்டியை. மறுநாள் அதே கரண்டியில் தாளித்த ரசத்தை மாமியார் ராஜம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். ராஜம்மாள் இன்னும் நடவுக்குப் போகிறவர். பசியோடு வந்து உட்கார்ந்தவர்.

"இன்னாடி இது, ரசத்துல தபால் ஆபீஸ் சீல் வாசனை வருது?"

கரண்டியைத் தேய்த்துக்கொண்டே சுபத்ரா அடுப்பைப் பார்த்தாள். கேஸ் டியூபை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப் கண்ணில் பட்டது. வட்டமான தகரப் பட்டை, ஒரு திருகு. திருகினால் எல்லாப் பக்கமும் ஒரே சமமாக நெருக்கும். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அன்பரசிடம் போனாள்.

"ஏங்க, மோட்டாருக்கு ஹோஸ் பைப் மாட்டுவாங்களே, அதுக்குப் பெரிய கிளிப் இருக்குமா?"

"இருக்கு. எதுக்கு?"

"நாளைக்கு வரும்போது ஒண்ணு வாங்கியாங்க. அப்படியே வட்டமா ஒரு மரத்துண்டும்."

அன்பரசு அதற்கு மேல் கேட்காமல் வாங்கி வந்தான். முள்ளிப்பட்டில் தறிக்கு மரவேலை செய்கிற ஆசாரியின் பட்டறையில் கழித்துப் போட்ட உருளையிலிருந்து ஒரு வில்லை அறுத்து வாங்கினான். நடுவில் காசின் அளவுக்கு ஒரு பள்ளம். பிறகு வில்லையை நேர் பாதியாக அறுத்து, இரண்டு பாதியையும் சேர்த்து வெளியே கிளிப்பை மாட்டினார்கள். பள்ளத்தில் காசை வைத்துத் திருகை முடுக்கினால் இரண்டு பாதிகளும் நெருங்கி வந்து காசின் விளிம்பைக் கவ்விக்கொண்டன. சுபத்ரா ஒரு நாலணாவில் 'மதிவதனி' என்று எழுதினாள். காசு அசையவே இல்லை. மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அன்பரசு அந்தச் சாமானுக்கு அங்கேயே 'காசுப்பிடி' என்று பெயர் வைத்தான்.

மறுநாள் கடையில், வேணுகோபால் பெயர்ப் பட்டியலோடு அனுப்பியிருந்த வெள்ளிக் காசுகளில் முதல் மூன்றில் எழுதினாள். எழுத்து அற்புதமாக விழுந்தது. துடைத்து, திருப்பி, லட்சுமி பக்கம் பார்த்தாள். மெஷினின் அதிர்வில் காசின் அடிப்பக்கம் மரத்தோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. காசில் எது எடுப்பாக நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும். மூன்று லட்சுமிகளுக்கும் மூக்கு இல்லை.

வெள்ளி வேறொருவருடையது, அதுவும் நல்ல காரியத்துக்கு வைத்தது. மூக்கில்லாத லட்சுமியை யார் பூஜை அறையில் வைப்பார்கள்? மாணிக்கவேல், "யாருக்கும் தெரியாதும்மா, சின்னதாதானே" என்றார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வேணுகோபாலுக்குப் போன் போட்டாள். அவர் காஞ்சிபுரம் போயிருந்தார். போனை எடுத்தது அவர் மனைவி அபிதகுசாம்பாள். விஷயத்தைக் கேட்டதும், "நான் வரேன் இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சுபத்ரா கையைப் பிசைந்துகொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். ஆட்டோவில் வந்து இறங்கிய அபிதகுசாம்பாள் மூன்று காசையும் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. காசை நான் மாத்தித் தந்துடறேன்."

"இரு இரு. மூக்குதானே போச்சு? கையில காசு கொட்டிகினுதானே இருக்கா?" என்றார் அந்த அம்மாள். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாணிக்கவேலும் சிரித்தார். கடைசியில் சுபத்ராவும் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"இந்த மூணும் என்கிட்டயே இருக்கட்டும். வேற காசு அனுப்பறேன். ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும் நீ." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு காசுல பேரை அழிச்சுட்டு என் பேரை எழுதித் தரியா? முழுசா."

"அதுக்கென்னங்கம்மா."

"அப்படிச் சொல்லாத. எங்கப்பா சீருக்கு வாங்கின குடத்துல எடம் பத்தலன்னு 'அபிதா'ன்னு வெட்டி உட்டுட்டாங்க. ரேஷன் கார்டுல அபிதகுஜம்மா. பேங்க்ல இன்னொரு மாதிரி. பத்திரிகையில எப்பவும் 'திருமதி வேணுகோபால்'. திருவண்ணாமலை அம்மன் பேரும்மா அது. எங்கம்மா வேண்டிகினு வச்சது. ஒரு எடத்துலயாவது எழுத்துக் குறையாம இருக்கணும்."

குடத்திலேயே இடம் பற்றாத பெயர். சுபத்ரா காசைப் பார்த்தாள், பெயரை மனசுக்குள் எழுத்துக் கூட்டினாள். நேராக எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். விளிம்பை ஒட்டி வட்டமாக எழுதினால் கொள்ளும்.

"எழுதறேன்மா. கொஞ்சம் டைம் குடுங்க."

முதலில் மூக்குக்கு வழி பண்ண வேண்டும். அடியில் பட்டுத் துணி வைத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்ததால் காசு உள்ளே போய்ப் போய் வந்தது, எழுத்து ஒரு இடத்தில் ஆழமாகவும் ஒரு இடத்தில் மேலாகவும் விழுந்தது. மெத்தையும் கூடாது, கல்லும் கூடாது. லட்சுமியின் மேடு பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு படுக்கை வேண்டும். குழாய் ஒழுகினால் இரண்டு நிறக் களியைப் பிசைந்து அடைப்பார்களே, அந்த எம்சீலை வாங்கி வந்து பள்ளத்தில் பரப்பி, பெயர் எழுத அந்த அம்மாள் விட்டுப் போன மூக்கில்லாத லட்சுமியை அதில் முகம் கவிழ்த்து அழுத்தினாள். காலையில் களி கல்லாக இறுகியிருந்தது. லட்சுமியும் அதோடு சேர்ந்து இறுகியிருந்தாள். இழுத்தும் வரவில்லை, தட்டியும் வரவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மாள் சொன்னார்: "எண்ணெய் தேய்க்காம உக்கார வச்சா எப்படி எழுந்து வருவா?"

கேலியாகத்தான் சொன்னார். சுபத்ரா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். பழைய களியை வெந்நீரில் போட்டு இளக்கிக் காசையும் களியையும் பெயர்த்தாள். புதுக் களி பிசைந்தாள். இந்தத் தடவை மூக்கு முழுசாக இருந்த புதுக் காசொன்றை எடுத்து, லட்சுமிக்குத் தலை முதல் தாமரை வரை எண்ணெய் பூசி, பொறுமையாக அழுத்தினாள். காய்ந்த பிறகு ஊசியால் விளிம்பை நெம்பியதும் காசு 'டப்'பென்று கையில் வந்தது. களியில் லட்சுமியின் முகம் குழியாகப் பதிந்திருந்தது, மூக்குக்குத் தனியாக ஒரு குட்டிக் குழியோடு.

எல்லாக் காசும் ஒரே அச்சில் அடித்தவை. அதனால் எந்தக் காசை வைத்தாலும் அந்தக் குழியில் கச்சிதமாகப் படிந்தது. அதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. காசு ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். ஆகவே பின்பக்கத்து எழுத்து லட்சுமியின் தலைக்கு நேராக, கோணாமல் வந்தது.

அடுத்தது வட்டம். கையை வட்டமாகக் கொண்டுபோனால் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தன. கை அசையக் கூடாது, காசுதான் திரும்ப வேண்டும். கடைக்கு இரண்டு கடை தள்ளி மோட்டார் காயில் கட்டும் தனசேகரனிடம் போய் நின்றாள்.

"பழைய ஃபேன் பேரிங் ஒண்ணு குடுங்கண்ணா."

"ஃபேன் ஓடலியா?"

"லட்சுமி சுத்தணும்."

தனசேகரன் மேற்கொண்டு கேட்காமல் ஒரு பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். அதன்மேல் காசுப்பிடியைப் பொருத்தினாள். முதலில் அது ராட்டினமாகச் சுற்றியது. கீழே ஒரு சைக்கிள் டியூப் துண்டை ஒட்டியதும் அடங்கி, விரல் தள்ளினால் மட்டும் நகர்ந்தது. நாலணாக்களில் பழகினாள். முதல் தடவை கடைசி 'ள்' போய் 'அ'வின் முதுகில் இடித்தது. அடுத்த தடவை பாதி வட்டம் காலியாக நின்றது. மார்க்கர் பேனாவால் முதலில் புள்ளி குறித்துக்கொண்டு எழுதிய பிறகுதான் கணக்கு சரிப்பட்டது. பவுடர் டப்பா பாதி தீர்ந்தபோது ஒரு நாலணாவில் அபிதகுசாம்பாள் முழுசாக, மூச்சு விட இடத்தோடு, வட்டமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு வெள்ளியில் எழுதியதை எடுத்துக்கொண்டு அவளே அபிதகுசாம்பாள் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் காசை ஜன்னலோரம் கொண்டுபோய், சுற்றிச் சுற்றிப் படித்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, இங்க வாங்க. வட்டமா எழுதினா ரெண்டு பேரு கொள்ளும் போல இருக்குதே?"

வேணுகோபால் வந்து பார்த்தார். "கொள்ளும். அதுக்கு?"

"தறியில ஒக்காந்தது மட்டுமா நெசவு? நூல் இழைக்கிறது, அந்து போனதைப் பிணைக்கிறது எல்லாம் யாரு? பொம்பளைங்க பேரும் போடணும்."

"நாள் கிட்ட வந்துடுச்சேம்மா" என்று அவர் சுபத்ராவைப் பார்த்தார். வேலை இரண்டு மடங்கு. ஆனால் அந்த அம்மாள் கையிலிருந்த காசைக் கீழேயே வைக்கவில்லை.

"முடிச்சிடலாங்க" என்றாள்.

அன்பரசு லீவு போட்டான். அவன் புள்ளி குறித்துக் கொடுக்க, அவள் எழுத, ராஜம்மாள் விபூதி போட்டு வெள்ளியைத் துடைத்துப் பஞ்சில் வைத்தார். அந்த வாரம் வீட்டில் சமையல் என்று பெரிதாக எதுவும் இல்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. ஒரு லட்சுமிக்கும் மூக்குக் குறையாமல், விசேஷத்துக்கு முந்தைய தினமே டப்பா வேணுகோபால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பமாக மேடைக்குக் கூப்பிட்டுக் காசைக் கொடுத்தார்கள். ஓரமாக நின்றுகொண்டிருந்த சுபத்ராவின் காதில் ஒரு தகராறு விழுந்தது. முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் காசைப் பிடித்துக்கொண்டு, "பாரு, என் பேரு மேல, உன் பேரு கீழ" என்று மனைவியைச் சீண்டினார். அந்த அம்மாள் காசைப் பிடுங்கி அப்படியே அரை வட்டம் திருப்பிக் காட்டினார்.

"இப்போ?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் காசைத் திருப்பிப் பார்த்தார்கள். மேடைக்குக் கீழே ஒரே சிரிப்பு. இப்படி ஒரு நியாயம் அதில் இருக்கிறது என்று எழுதியவளே அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

பந்தியில் இடம் பார்த்துக்கொண்டிருந்தவளை அபிதகுசாம்பாள் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். அறுபதாம் கல்யாணப் பெண்ணின் கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. "நல்லா சாப்பிடு. ஒரு வாரமா உன் வீட்ல அடுப்பே எரியலியாமே, உன் மாமியார் சொல்லிகினு இருந்தாங்க" என்றார். எதிர் வரிசையில் ராஜம்மாள் இரண்டாவது ஜாங்கிரியில் இருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் நகைக்கடைகளே வெள்ளிக் காசு விற்றால் பெயர் எழுத சுபத்ராவிடம் அனுப்புகிறார்கள். பிறந்தநாள் காசு, குழந்தைக்குப் பெயர் வைக்கிற காசு, பணி ஓய்வுக்கு ஒரு காசு. காசுக்குக் காசு லட்சுமி வேறு, பிள்ளையார் வேறு என்பதால் களிப் படுக்கைகள் மட்டும் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தக் கடைக் காசு என்று எழுதி வைத்திருக்கிறாள். வேலூரில் வெள்ளிக்கடை நடத்துகிற பானுப்ரியா என்பவர் தேடி வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு காசுப்பிடி செய்து தரச் சொன்னார். அன்பரசும் சுபத்ராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தார்கள். அவளே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, ஓட்டியும் காட்டிவிட்டு வந்தாள்.

போன வாரம் ஒருவர் சங்கிலியில் கோக்கிற ஒரு டாலரைக் கொண்டுவந்தார், முட்டை வடிவத்தில். பின்னால் பேத்தி பெயர் வேண்டுமாம். "செஞ்சுடலாங்க" என்று வாங்கி வைத்துவிட்டாள். ஹோஸ் கிளிப் வட்டத்தை மட்டும்தான் கவ்வும், முட்டைக்கு உதவாது. இப்போது மதியச் சாப்பாட்டு வேளையில் முக்காலிக்குப் பக்கத்தில் துணி உலர்த்தும் கிளிப்புகள், ஒரு பழைய பூட்டு, இரண்டு ரப்பர் வாஷர் எல்லாம் பரப்பிக் கிடக்கின்றன.

"ஜல்தியா சாப்பிட்டு வாம்மா, கல்யாண வீட்டுக்காரங்க வந்துகினு இருக்காங்க" என்கிறார் மாணிக்கவேல்.

"இதோங்கண்ணா" என்கிறாள், தலை நிமிராமல், ஒரு கண்ணை மூடி டாலரின் வளைவை அளந்தபடி.